எலியைக் காத்தது குழந்தையைத் தருமா?

வெங்காயத்திலும் முருங்கைக்கீரையிலும் தேயிலையிலும் உள்ள ஃபிளேவனாய்டுகள் விந்தணுவைக் காக்கும் என்ற பேச்சு இன்று மருந்துக்கடை வரை வந்துவிட்டது. இதன் அடிப்படை அறிவியல் வலுவானதுதான். விந்தணுவின் சவ்வில் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்பு அமிலங்கள் மிகுதி. முதிரும்போது சைட்டோபிளாசத்தின் பெரும்பகுதியைக் கழித்துவிடுவதால், அதைக் காக்கும் நொதிகளும் குறைவு. ஆக்சிஜன் மிகுந்தால் மனித விந்தணுவின் நீந்தும் திறன் குன்றுகிறது என்று ஜான் மெக்லியாட் 1943-லேயே காட்டினார்.

சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. இத்துறையின் எலி ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. ஆண் எலிகளை நான்கு குழுக்களாகப் பிரிப்பார்கள். முதல் குழுவுக்கு எதுவும் கிடையாது. இரண்டாவதற்குக் கேட்மியம் போன்ற ஒரு நஞ்சு, மூன்றாவதற்குக் குவெர்செட்டின் என்ற ஃபிளேவனாய்டு மட்டும், நான்காவதற்கு இரண்டும். சில வாரங்கள் கழித்து எலிகளைக் கொன்று, விரைகளை எடைபோட்டு, திசுவை அரைத்து, கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தின் அடையாளமான மலோண்டியால்டிஹைடை அளந்து, விந்தணுக்களை எண்ணுவார்கள். நான்காம் குழு இரண்டாம் குழுவைவிடத் தேறியிருக்கும். உடனே, 'ஆண் குழந்தையின்மைக்கு உதவக்கூடும்' என்று முடிவுரையில் ஒரு வரி சேர்ந்துவிடும்.

அந்த வரிக்கு அந்த ஆய்வில் ஆதாரமே இல்லை. நஞ்சோடு சேர்த்து மருந்தும் தந்தால் சேதம் குறைகிறது என்பது மட்டுமே அங்கே நிறுவப்பட்டது. மருத்துவரிடம் வரும் ஆணுக்கோ, சேதம் எதனால், எப்போது தொடங்கியது என்பதே பல வேளைகளில் தெரியாது.

அளவும் இடிக்கிறது. எலிக்குப் பல ஆய்வுகளில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் குவெர்செட்டின் தருகிறார்கள். உடற்பரப்புக் கணக்கில் மாற்றினால், 60 கிலோ மனிதருக்கு நாளொன்றுக்குச் சுமார் 480 மில்லிகிராம். நெதர்லாந்தின் ஜூட்ஃபென் நகர முதியவர்களுக்கு, குவெர்செட்டின் உட்பட ஐந்து ஃபிளேவனாய்டுகளும் சேர்ந்தே உணவில் நாளுக்குச் சராசரியாக 26 மில்லிகிராம்தான் கிடைத்தது. அதையும் குடலும் கல்லீரலும் வேறு சேர்மங்களாக மாற்றிவிடுகின்றன. ஆகவே எலி ஆய்வைக் காட்டிக் கீரையைப் பரிந்துரைப்பதும் பொருந்தாது. கீரை உண்ண வேறு நல்ல காரணங்கள் உண்டு.

தாவரத்திலிருந்து வந்தது தீங்கு செய்யாது என்ற நம்பிக்கைக்கும் வரலாறு பதில் வைத்திருக்கிறது. 1940-களில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒருவகைக் குளோவரை மேய்ந்த செம்மறிகள் சினைபிடிக்காமல் போயின. காரணம் ஐசோஃபிளேவோன்கள். ஃபிளேவனாய்டு குடும்பத்தைச் சேர்ந்த அவை, உடலுக்குள் ஈஸ்ட்ரோஜன்போல் வேலை செய்தன. தவிரவும், கருமுட்டையுடன் இணையத் தயாராவதற்கு விந்தணுவுக்கே சிறிதளவு ஆக்சிஜனேற்றம் தேவை. அதை முழுக்க அடக்குவது நல்லதல்ல.

மனிதரிடம் என்ன நடந்தது? 2020-இல் இரண்டு அமெரிக்கச் சோதனைகளின் முடிவுகள் வெளிவந்தன. ஒன்றில் 171 ஆண்களில் ஒரு பிரிவினருக்கு வைட்டமின் சி, ஈ, செலினியம், லைகோபீன் முதலியவை கலந்த மாத்திரை. மற்றவர்களுக்குப் போலி மாத்திரை. மற்றொன்றில் 2,370 தம்பதிகள். அவர்களில் ஒரு பிரிவு ஆண்களுக்கு ஃபோலிக் அமிலமும் துத்தநாகமும். இரண்டிலும் குழந்தைப்பேறு கூடவில்லை. இரண்டாவதில் மருந்து உண்டவர்களின் விந்தணு டி.என்.ஏ. சிதைவு சற்று அதிகமாகவே இருந்தது. இவை ஃபிளேவனாய்டுகளைச் சோதிக்கவில்லை. ஆனால் எலியில் கண்ட பாதுகாப்பு தம்பதிக்கும் கிடைக்கும் என்ற அதே எதிர்பார்ப்பைச் சோதித்தன.

எலி ஆய்வுகளுக்கு உரிய இடம் உண்டு. புற்றுநோய் சிகிச்சைபோல, விந்தணுவுக்குச் சேதம் வரும் நாள் முன்பே தெரிந்த இடம் அது. அங்கும், கட்டியை அழிக்கும் வேலையை ஃபிளேவனாய்டு தடுக்கவில்லை என்று முதலில் காட்ட வேண்டும். அதுவரை விந்தணுவை உறையவைத்துச் சேமிப்பதே நம்பகமான வழி.

விந்தணு உருவாகச் சுமார் 74 நாட்கள் ஆவதால் மருத்துவர்கள் இத்தகைய மாத்திரைகளை மூன்று மாதத்துக்கு எழுதுகிறார்கள். மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் அந்த மூன்று மாதம் சிறிய இழப்பல்ல. மாத்திரையைத் தொடங்கும் முன் வெரிகோசீல் (விரைப்பை நரம்பு வீக்கம்) பரிசோதனை முடிந்ததா என்று கேளுங்கள். இந்த மருந்துக்கு ஆதாரம் எலியின் விரையா, பிறந்த குழந்தைகளா என்றும் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.