தட்டு சுழலாதபோது

எஸ்டி-225 ஒழுங்காகக் கிளம்பும் ஓசைக்கு ஒரு வடிவம் உண்டு. மெல்லிய முனகலாக ஆரம்பித்து, சுருதி ஏறிக்கொண்டே போய், நிமிடத்துக்கு 3600 சுற்றில் நிலைக்கும். பிறகு ஹெட்டை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார் ‘டர்ர்’ என்று பூஜ்ஜியத் தடத்தைத் தேடிப் போய் நிற்கும். 1980-களின் நடுவில் சீகேட் விற்ற 20 மெகாபைட் ஹார்டு டிஸ்க் இது. இந்தத் தலைமுறை டிஸ்க்குகளில் மோட்டார் கோளாறு பார்ப்பதில் தேர்ந்தவர்கள், ஓசை எந்த இடத்தில் அறுகிறது என்பதை வைத்தே போர்டின் எந்த மூலையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் காதுதான்.

ஓசையே இல்லை, கணினியும் எழவில்லை, டிஸ்க்குக்குப் போகும் பவர் வயரைப் பிடுங்கியதும் கணினி உயிர் பெறுகிறது என்றால் வேலை எளிது. 12 வோல்ட் லைனில் ஷார்ட். மஞ்சள் வயர் வரும் பின்னுக்கும் கருப்புக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தால் பூஜ்ஜியத்தை ஒட்டிக் காட்டும். பெரும்பாலும் சொட்டு வடிவ டாண்டலம் கெபாசிட்டர்தான் காரணம்.

முனகுகிறது, நடுங்குகிறது, சுழலவில்லை என்றால்தான் கலை தொடங்குகிறது. இரண்டு கோளாறுகள் இங்கே ஒரே முகம் காட்டும். வழவழப்பான தட்டின்மேல் ஹெட் ஒட்டிக்கொண்டிருக்கலாம்; அல்லது மோட்டாரின் மூன்று சுருள்களில் ஒன்றுக்கு மின்சாரம் தரும் டிரான்சிஸ்டர் போயிருக்கலாம். அவசரக்காரர் டிஸ்க்கைத் தட்டிப் பார்ப்பார். தேர்ந்தவர் சப்ளையை நிறுத்திவிட்டு, அடியில் தெரியும் மோட்டாரின் நடுப்பகுதியை விரலால், அது ஓடும் திசையிலேயே, ஒரு நூல் நகர்த்துவார். ஒட்டியிருந்த ஹெட் விடுபட்டால் மோட்டார் முழு வேகம் எடுக்கும். அன்றைக்குப் பெரும்பாலும் மறுபடி தகராறு செய்யாது. டிரான்சிஸ்டர் கோளாறு அப்படியல்ல. ஒரு கோணத்தில் நின்றிருந்தால் மோட்டார் கிளம்பும். வேறு கோணத்தில் நின்றிருந்தால் முன்னும் பின்னும் ஆடி அடங்கிவிடும். கிளம்பினாலும் தெம்பில்லாமல் ஓடும். “சில நாள் ஓடுது, சில நாள் ஓடமாட்டேங்குது” என்று டிஸ்க்கைக் கொண்டுவருபவர் சொல்வதைப் பலர் காதில் போட்டுக்கொள்வதில்லை. நேற்று தட்டு எந்தக் கோணத்தில் வந்து நின்றது என்பதுதான் இன்று அது ஓடுமா என்பதைத் தீர்மானிக்கிறது. அவர் பாதி நோயைச் சொல்லிவிட்டார்.

சுருள்களை இரண்டிரண்டாக அளந்தால் ஒரே ஓம் வருகிறது, டிரான்சிஸ்டர்களும் சரி என்றால் அடுத்த சந்தேகம் ஹால் சென்சார்மேல். மோட்டாரின் காந்தம் எந்த நிலையில் இருக்கிறது என்று போர்டுக்குச் சொல்வது அதுதான். சென்சாருக்கு மட்டும் சப்ளை கொடுத்து, மோட்டாரை விரலால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே மூன்று சென்சார்களின் வெளியீட்டையும் பார்க்க வேண்டும். ஒன்று ஏறும், அடுத்தது ஏறும், முதலாவது இறங்கும். வழக்கமான 120 டிகிரி அமைப்பில் ஆறே நிலைகள். மூன்றும் சேர்ந்து ஏறி நிற்பதோ மூன்றும் சேர்ந்து இறங்கி நிற்பதோ பழுதில்லாத மோட்டாரில் வரவே வராது. வந்துவிட்டால், எது அசையாமல் கிடக்கிறதோ அதைப் பிடித்துவிடலாம். எத்தனை அழகான சோதனை! ஒரு விரலும் மல்டிமீட்டரும் போதும்.

முழு வேகத்தில் ஓடியும் ரெடி சிக்னல் வராவிட்டால் ஆசிலோஸ்கோப்பை எடுக்க வேண்டியதுதான். சுற்றுக்கு ஒரு இன்டெக்ஸ் துடிப்பு. 3600 சுற்று என்றால் 16.67 மில்லி விநாடிக்கு ஒன்று. துடிப்பே இல்லையென்றால் தட்டு ஓடுவது போர்டுக்குத் தெரியவில்லை. இடைவெளி கூடிக் குறைந்தால் வேகக் கட்டுப்பாடு தள்ளாடுகிறது.

பின்னாளில் ஹால் சென்சார் போயிற்று. சுழலும் மோட்டார் சுருளில் எழும் மின்னழுத்தத்தை வைத்தே ஒரு ஐசி நிலையைக் கணித்துக்கொண்டது. திறமையான ஏற்பாடுதான். ஆனாலும் எனக்கு மனம் போவது, ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியே அளந்து பார்க்க இடம் கொடுத்த பழைய போர்டுகளிடம்தான்.

டிஸ்க் ஓடத் தொடங்கியதும் தேர்ந்தவர்கள் அதை நிறுத்துவதில்லை. மறுபடி கிளம்பும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. முதலில் உள்ளிருப்பதை முழுவதும் நகலெடுப்பார்கள். எஸ்டி-225 மின்சாரம் போனால் ஹெட்டைத் தானாக ஓரம்கட்டாது என்பதால், பார்க் செய்யும் நிரலை ஓட்டிய பிறகே சப்ளையில் கை வைப்பார்கள்.