பச்சை என்றொரு வெள்ளைச் சேவல்

திருவேற்காடு கருமாரியம்மன் கோயில் தெருவில் ஆடி ஞாயிற்றுக்கிழமைகளில், எலுமிச்சம்பழக் கடைக்கும் வளையல் கடைக்கும் நடுவே ஓர் அட்டைப்பெட்டி இருக்கும். உள்ளே பச்சை, ரோஸ், ஆரஞ்சு, ஊதா என்று ஐம்பது அறுபது கோழிக்குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கத்திக்கொண்டிருக்கும். மூன்று வருஷத்துக்கு முன் என் மகள் அந்தப் பெட்டி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. "சாயம் போவாதுக்கா, நல்லா வளரும்" என்றார் விற்றவர். இரண்டு வாங்கினோம். ரோஸ் குஞ்சு மறுநாள் சாயங்காலமே கழுத்தைத் தொங்கப்போட்டுவிட்டது. பச்சை பிழைத்தது. இரண்டு மாதத்தில் சாயமெல்லாம் உதிர்ந்து, கொண்டையும் முளைத்து, வெள்ளைவெளேரென்று நின்றது. பெயர் மட்டும் மாறவில்லை. இன்றும் அது பச்சைதான்.

இந்தக் குஞ்சுகள் எங்கிருந்து வருகின்றன என்று பிறகுதான் விசாரித்தேன். முட்டைக்கோழி இனத்தில் சேவல் குஞ்சு யாருக்கும் வேண்டாதது. முட்டை இடாது, பிராய்லர் மாதிரிச் சதையும் போடாது. பொரித்த அன்றைக்கே ஆண், பெண் பிரித்து, பெட்டைகளைப் பண்ணைக்கு அனுப்பிவிடுவார்கள். சேவல்களில் பெரும்பாலானவற்றின் ஆயுள் அதோடு முடியும். மிச்சத்தில் கொஞ்சம் சாயத்தில் முக்கி எடுக்கப்பட்டு, கோயில் வாசலுக்கும் பள்ளிக்கூட வாசலுக்கும் வருகின்றன. என் மகள் செல்லப்பிராணி என்று நினைத்துக் கையில் ஏந்தியது ஒரு தொழிலின் கழிவுப்பொருளை. அவளுக்கு இதை இன்னும் சொல்லவில்லை.

எங்கள் வீடு திருமுல்லைவாயிலில். அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே சி.டி.எச். சாலையிலிருந்து உள்ளே தள்ளி. பக்கத்துப் போர்ஷனில் ஒரு அக்கா இருக்கிறார். இலங்கையின் வடமராட்சியில் கரவெட்டிக்காரர். 1990இல் படகேறி வந்து, புழல் காவாங்கரை முகாமில் பல வருஷம் இருந்து, பிறகு வெளிப்பதிவில், அதாவது முகாமுக்கு வெளியே தங்கப் பதிந்துகொண்டு, இங்கே வாடகைக்கு வந்தவர். வீட்டுப் பின்னால் துணி உலர்த்தும் சந்தில் மூன்று பெட்டைக்கோழிகள் வளர்க்கிறார். நாம் நாட்டுக்கோழி என்பதை அவர் ஊர்க்கோழி என்பார். நாடு, ஊர் என்ற இரண்டு சொல்லிலேயே ஏதோ இருக்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நாட்டுக்கோழி என்றால் 'சீமையிலிருந்து வந்ததல்ல' என்று பொருள். ஊர்க்கோழி என்றால் இன்னார் வீட்டு வளவில் நின்ற கோழி என்று ஆள் தெரியும்.

மகள் "பச்சை, பச்சை" என்று கூப்பிடுவதைக் கேட்ட அக்கா முதல் நாளே சொன்னார்: "பிள்ளை, கோழிக்கு ஆரும் பேர் வைப்பினமே? பேர் வைச்சால் பிறகு சட்டியில வைக்கேலாது."

அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. அவருடைய கோழிகளுக்குக் கிடைக்கும் பராமரிப்பைப் பார்த்தால் எனக்கே பொறாமையாக இருக்கும். மழைக்காலத்தில் கூட்டுக்கு மேல் தார்ப்பாய், தீவனத்தில் இடித்த பூண்டு, வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முகாம் எப்போது என்ற விசாரிப்பு. பேர்தான் கிடையாது. கறுப்பி, புள்ளிக்காரி என்று அடையாளத்துக்கு ஏதோ சொல்வார். அதைப் பேர் என்று ஒத்துக்கொள்ள மாட்டார். கரவெட்டியில் அவர் அம்மா பத்துப் பன்னிரண்டு கோழி வைத்திருந்தாராம். பனை, வேலி, கிணற்றடி என்று விரிந்த வளவில் பகலெல்லாம் மேயும். பொழுதுபட்டால் எலுமிச்சை மரத்தில் ஏறி அடையும். பருந்தும் மரநாயும்தான் எதிரிகள். இங்கே சந்தில் எதிரி பெருச்சாளியும் தெருநாயும். அங்கே கோழி தன் பாட்டைத் தானே பார்த்துக்கொண்டது. முட்டைக்கும் விருந்தாளிக்கும் மட்டும் வீட்டுக்காரருக்கு உரிமை. இங்கே நாலடிச் சந்தில் அது ஒவ்வொரு தானியத்துக்கும் நம் கையைப் பார்க்கிறது. கோழியைச் செல்லமாக்குவதில் பாதி வேலையை இடப் பற்றாக்குறையே செய்துவிடுகிறது.

பச்சைக்கு ஒரு வயதிருக்கும்போது கால் வீங்கி நொண்டியது. பிராணிகளுக்கான மருத்துவமனை ஒன்றுக்கு மகளும் நானும் கூடையோடு போனோம். லாப்ரடார்களுக்கும் பூனைகளுக்கும் நடுவே நாற்பது நிமிஷம் காத்திருந்தோம். உள்ளே இருந்த மருத்துவர் சிரித்தார். "இந்த மருந்துச் செலவுக்கு நாலு கோழி வாங்கலாமேம்மா." அவரைக் குறை சொல்வதற்கில்லை. கால்நடை மருத்துவத்தின் பழைய கணக்கு அதுதான்: உயிரின் சந்தை விலைக்கு மேல் வைத்தியம் செய்வது நஷ்டம். நாய்க்கு அந்தக் கணக்கை நாம் எப்போதோ விட்டுவிட்டோம். சென்னை மாநகராட்சியில் நாய்க்கும் பூனைக்கும் உரிமம் எடுக்கலாம். பச்சைக்கு அப்படி ஒரு தாளில் இடமில்லை.

சட்டத்தைக் கேட்டால் இரண்டு நாட்டிலும் கோழிக்கு இடம் இருக்கிறது, விலைதான் இல்லை. இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் மனிதன் தவிர்த்த எல்லா உயிரையும் விலங்கு என்கிறது. முதல் முறை வதைத்தால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. இலங்கையில் அதற்கும் மூத்தது, 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். அதில் அதிகபட்ச அபராதம் 100 ரூபாய். புதிய விலங்கு நலச் சட்டத்துக்கான வரைவு 2006லேயே தயாராகி, வருஷக்கணக்கில் கோப்பில் கிடந்தது. பூந்தமல்லி டிரங்க் சாலையில் மொபெட் கைப்பிடியின் இரண்டு பக்கமும் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு போகும் கோழிகளைப் பார்க்கும்போதெல்லாம் நான் அந்த 50 ரூபாயை நினைத்துக்கொள்வேன். அந்த மொபெட்டில் ஒரு காலின் கறி விலை அதைவிட அதிகம். 2023இல் குஜராத் உயர் நீதிமன்றத்தில் கோழி விலங்கா பறவையா என்றே வாதம் நடந்தது. பச்சை எதுவென்று கேட்டால் என் மகளுக்கு மூன்றாவதாக ஒரு பதில் உண்டு.

கோழியை எங்கே வெட்டலாம் என்பதில்தான் இரண்டு கரையும் ஒன்றையொன்று தாண்டி எதிரெதிர்த் திசையில் போயிருக்கின்றன. தமிழ்நாட்டில் 1950லேயே கோயில் வளாகத்தில் விலங்கு, பறவை பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் வந்துவிட்டது. அரை நூற்றாண்டு அது தூங்கியது. 2003 ஆகஸ்டில் ஜெயலலிதா அரசு அதைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்னபோதுதான் ஊர் விழித்தது. எங்கள் முனீஸ்வரனுக்கும் கருப்பனுக்கும் சோறு என்ன என்று சொல்ல நீ யார் என்று கிராமங்கள் கேட்டன. 2004இல் சட்டமே ரத்தானது. அந்த 1960ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் 28ஆம் பிரிவும், மத வழக்கப்படி கொல்வதைக் குற்றமாக்கவில்லை. ஆடியில் எங்கள் தெருமுனை அம்மனுக்கும் கூழ் ஊற்றிய கையோடு சேவல் அறுக்கிறார்கள்.

இலங்கையில் கதை தலைகீழ். சிலாபம் முன்னேஸ்வரம் பத்திரகாளி கோயிலில் 2011 செப்டம்பரில், அமைச்சராக இருந்த மேர்வின் சில்வா நேரே போய், பலிக்கு வந்திருந்த உயிர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். யாழ்ப்பாணத்தில் கவுணாவத்தை நரசிங்க வைரவர் கோயிலில் உயிர்களைப் பலியிடும் வேள்வி பேர்பெற்றது. 2017 அக்டோபரில் யாழ்ப்பாண மேல் நீதிமன்ற நீதிபதி இளஞ்செழியன், குடாநாட்டு இந்துக் கோயில்களில் மிருகபலிக்குத் தடை விதித்துத் தீர்ப்புச் சொன்னார். வழக்கைக் கொண்டுபோனவர்கள் சைவர்கள். அதன் வேர் 19ஆம் நூற்றாண்டுக்குப் போகிறது. கோயிலில் உயிர்ப்பலி கூடாது என்று ஆறுமுக நாவலர் அன்றே கடுமையாக எழுதினார்.

இங்கே ஒரு வேடிக்கை. நாவலரும் வள்ளலாரும் எந்தளவு மோதிக்கொண்டார்கள் என்பது தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். வள்ளலார் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்ற சண்டை 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. ஆனால் கோழி விஷயத்தில் இருவரும் ஒரே கட்சி. நாவலரின் வாதம் யாழ்ப்பாணத்தில் தீர்ப்பாக வந்தது. வள்ளலாரின் கருணை சென்னையில் ஒரு விடுமுறையாக வந்திருக்கிறது. தைப்பூசத்தன்று, வள்ளலார் நினைவு நாள் என்று மாநகராட்சி இறைச்சிக் கடைகளை மூடச் சொல்லும். திருவள்ளுவர் தினத்துக்கும் மகாவீர் ஜெயந்திக்கும் அப்படியே. வள்ளலார் எங்கள் திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரரையும் பாடியவர். கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் கோழிக்கடையில் தைப்பூசத்துக்கு முந்தின ராத்திரி வரிசை தெருமுனை வரை நிற்கும். எல்லோர் வீட்டிலும் ஃபிரிட்ஜ் வந்த பிறகு கருணைக்கு ஒரு நாள் முன்கூட்டியே வாங்கி வைத்துவிடலாம். இலங்கையிலும் போயா தினம்தோறும் இறைச்சிக்கடையும் மதுக்கடையும் மூடியிருக்கும். மாதம் ஒரு முழுநிலா; முந்தின நாள் கதை அங்கேயும் இதுதான் என்கிறார் அக்கா.

வேள்விக்கு நேர்ந்துவிட்ட சேவல் எப்படி வளரும் என்றும் அக்காதான் சொன்னார். குஞ்சிலேயே பார்த்து, வைரவருக்கு என்று ஒதுக்கிவிடுவார்கள். அதை யாரும் கல்லால் அடிக்க மாட்டார்கள், விற்க மாட்டார்கள். வீட்டுப் பிள்ளைக்கு இல்லாத அரிசி அதற்கு உண்டு. ஒரு நாள் கோயிலடியில் ஒரே வெட்டு. எனக்கு அந்த வெட்டைப் பார்க்கும் தைரியம் கிடையாது. ஆனாலும், சுமார் 40 நாளில் இரண்டு கிலோ சதை போட்டு, தன் காலால் தன் உடம்பைத் தாங்க முடியாமல் உட்கார்ந்துவிடும் பிராய்லரோடு ஒப்பிட்டால், எதன் வாழ்க்கை வாழ்க்கை என்று கேட்கத்தான் தோன்றுகிறது. நாமக்கல் பண்ணைக் கூண்டுகளில் ஒரு முட்டைக்கோழிக்குக் கிடைக்கும் இடம் ஒரு ஏ4 தாள் அளவுகூட இராது. இறக்கையை ஒரு முறை முழுதாக விரிக்காமல் வருஷத்துக்கு 300 முட்டை இட்டுவிட்டுப் போகும். ஐரோப்பிய ஒன்றியம் அந்த மாதிரி வெற்றுக் கூண்டை 2012லிருந்து ஒழித்தது. இந்தியச் சட்ட ஆணையம் 2017இல் 269ஆம் அறிக்கையில் கூண்டைப் பற்றி எழுதியது. அந்தக் கூண்டு முட்டைதான் என் வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சத்துணவில் வாரம் 5 நாள் கிடைக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். அதனால் கூண்டைப் பற்றிப் பேசும்போது என் குரல் கொஞ்சம் தாழ்ந்துதான் போகிறது.

இலங்கையில் குருநாகல், புத்தளம் பக்கத்துப் பண்ணைகளின் நிலையும் பெரிதாக வேறில்லை. ஆனால் அங்கே வேள்வியடி நீதிமன்றம் ஏறியது, பண்ணை ஏறவில்லை. கடவுள் பெயரைச் சொல்லி ஒரு சேவலை அறுத்தால் நாடே பதறுகிறது. உறையில் அடைத்து உறையவைத்த கோழியைப் பார்த்து யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. இத்தனைக்கும் அந்த நாட்டின் தேசியப் பறவையே ஒரு கோழி: இலங்கைக் காட்டுக்கோழி. 2022, 2023 பொருளாதார நெருக்கடியில் தீவனம் இல்லாமல் முட்டைக்குத் தட்டுப்பாடு வந்து, 2022 ஆகஸ்டில் அரசு வெள்ளை முட்டைக்கு 43 ரூபாய், சிவப்பு முட்டைக்கு 45 ரூபாய் என்று உச்ச விலை கட்டியது. 2023 மார்ச்சில் இந்தியாவிலிருந்து 20 லட்சம் முட்டை கப்பலில் போய் இறங்கியது. அக்கா செய்தியைப் பார்த்துவிட்டு, "நான் வந்த கடலால முட்டை போகுது" என்றார்.

சென்னையின் மேற்குப் புறநகரில் மறைக்க ஒன்றும் இல்லை என்று ஒரு காலத்தில் நான் பெருமைப்பட்டதுண்டு. அம்பத்தூர் ஓ.டி. பக்கம் கடையில் உயிரோடு எடைபோட்டு, கண்ணெதிரே கழுத்தை அறுத்து, நீல டிரம்மில் போடுவார்கள். உள்ளே அரை நிமிஷம் தடதடவென்று சத்தம் வரும். அப்போது வாடிக்கையாளர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்திருக்கிறேன்: அத்தனை பேரும் செல்போனைப் பார்க்கிறார்கள். நானும்தான்.

போன தீபாவளிக்கு முன் மாடிக்குக் குடிவந்தவர்கள், விடிகாலை நாலு மணிக்கே கூவுகிறது, தூக்கமே போச்சு என்று ஓனரிடம் புகார் சொல்லிவிட்டார்கள். பச்சையை என்ன செய்வது? கடைக்காரப் பையனிடம் பேச்சுக்குக் கேட்டேன். "குடுத்துட்டுப் போங்கக்கா. அதே எடைக்கு வேற கோழி வெட்டித் தர்றேன், உங்களுக்கும் மனசு கஷ்டமா இருக்காது" என்றான். நிறையப் பேர் அப்படிச் செய்வார்களாம். தெரிந்த உயிரைக் கொடுத்துவிட்டுத் தெரியாத உயிரை வாங்கிப் போவது. அதைக் கேட்டபோது அவன் எவ்வளவு நாசூக்கானவன் என்று தோன்றியது. வீடு வந்து சேர்வதற்குள் வயிற்றைப் பிசைந்தது.

அக்காவிடம் சொன்னேன். அவர் அம்மாவும் அதைத்தான் செய்வாராம். தன் கையால் தீன் போட்ட கோழியைத் தன் வீட்டில் கறியாக்குவதில்லை. விருந்தென்றால் அடுத்த வளவோடு கோழிக்குக் கோழி மாற்றுவார்கள். "ஆனால் பிள்ளை, அந்தக் கோழி எந்த மரத்தில அடைஞ்சது எண்டு அம்மாவுக்குத் தெரியும். அது ஒழுங்காத் திண்டுதோ, ஆரும் அடிச்சவையோ எல்லாம் தெரியும்." எனக்கு உறைத்த இடம் அது. செல்லப்பிராணியா கால்நடையா என்று நான் மூன்று வருஷமாகப் பச்சையை வைத்து மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவுக்குத் தின்னும் கோழியும் தெரிந்த கோழியாக இருந்தது. நான் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மற்ற அத்தனையையும் டிரம்முக்குள் தடதடக்க விட்டிருக்கிறேன். அன்றிலிருந்து பிராய்லர் வாங்குவதை நிறுத்திவிட்டேன். முட்டையை நிறுத்தவில்லை. அது முரண்தான்.

கடைசியில் பச்சை எங்கேயும் போகவில்லை. ராத்திரியில் வெளிச்சம் புகாமல் கூட்டுக்கு மேல் சாக்குப் போட்டு மூடினோம். கூவல் ஆறு மணிக்குத் தள்ளிப்போனது. மாடிக்காரர்களுக்கு அது போதும். அக்கா பச்சையைத் தன் பெட்டைகளோடு விடச் சொன்னார், கருமுட்டை கிடைக்கட்டும் என்று. மாசியில் கறுப்பியை 9 முட்டையில் அடைவைத்தார். ஒவ்வொரு முட்டையிலும் கரித்துண்டால் ஒரு கோடு. இடி இடித்தால் கூழாகாமல் இருக்க, கூடையில் ஓர் இரும்பு ஆணியும் இரண்டு காய்ந்த மிளகாயும். 21 நாளில் 6 குஞ்சு பொரித்தது. மகள் அதற்குள் ஆறுக்கும் பேர் தயாராக வைத்திருந்தாள். அக்கா இந்த முறை தடுக்கவில்லை. கூடையைத் தூக்கி வெயிலில் வைத்துக்கொண்டே, "ரெண்டுக்கு மட்டும் வை" என்றார்.