கறுப்புப் படியில் மாக்கோலம்

ஈப்போ பழைய நகரத்துக் கடைவீடுகளில், அதாவது கீழே கடையும் மேலே குடியிருப்புமாக அமைந்த வரிசைக் கட்டடங்களில், கறுப்புச் சாயம் பூசிய செங்குத்தான மரப்படிக்கட்டுக்குத் தீபாவளி நாளில் மாக்கோலம் நன்கு பொருந்துகிறது. ஊறவைத்து அரைத்த பச்சரிசி மாவைத் துணித்துண்டில் தோய்த்து, மோதிர விரல் வழியே கசியவிட்டு இழுக்கும் இழை, ஈரத்தில் மங்கலாகவே தெரிந்து, காயக் காய வெளுத்துத் துலங்குவதால், இடுபவர் கைப்பழக்கத்தை நம்பியே அடுத்த வளைவுக்குச் செல்கிறார். கால் படும் மிதிபலகையை விட்டு, இரு படிகளுக்கிடையே நிமிர்ந்து நிற்கும் முகப்புப் பலகையில் இடும்போது மாவு சற்றுக் கெட்டியாக இல்லையெனில் இழை வழிந்துவிடும். ஒட்டுக்கோலத் தாளுக்கு இந்தத் தொல்லை இல்லை, இந்த உயிர்ப்பும் இல்லை. ரப்பர்த் தோட்டத்து லயங்களின், அதாவது தொழிலாளர் வரிசைவீடுகளின், அகன்ற வாசலில் பழகிய கைகள், புள்ளிகளைச் சுற்றியோடும் சிக்குக்கோலத்தை இக்குறுகிய பலகைக்காக ஒற்றை வரிசைப் புள்ளிகளுக்குள் சுருக்கிவிடுகின்றன.