பார்த்துக் கற்பவனா, கேட்டுக் கற்பவனா?

"டீச்சர், என் பையன் பார்த்தாதான் படிப்பான்." 2020இல் பள்ளிகள் மூடி, கோல சிலாங்கூர் தோட்டப்புற வீடுகளே வகுப்பறையானபோது கேட்ட பேச்சு இது. அம்மாவைக் குறை சொல்வதற்கில்லை. அந்த முத்திரையைக் குத்தியது நாம்தான்.

கற்றல் பாணிக்கேற்பக் கற்பித்தால் பிள்ளை கூடுதலாகக் கற்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று பாஷ்லர் குழுவினர் 2008இலேயே எழுதிவிட்டார்கள். பிள்ளைகள் ஒரே மாதிரி இல்லைதான்: வேகம் வேறு, முன்னறிவு வேறு. ஆனால் கண்ணா காதா என்று முடிவு செய்ய வேண்டியது பாடம். ல, ழ, ள ஒலிக்குக் காது வேண்டும். எழுத்து வடிவத்துக்குக் கண்ணும் கையும். கூட்டலுக்கு உதிர்ந்த செம்பனைப் பழமே போதும், எண்ணிப் பார்க்கட்டும்.

"இவன் கேட்கிற பிள்ளை" என்று விட்டுவிட்டால், எழுதிப் பழகும் வாய்ப்பு போய்விடும். அந்த இழப்பு அவனுக்குத்தானே, நமக்கா?