லிட்டர் கணக்கும் கோவளத்து அலையும்

அலைச்சறுக்குப் பலகையைத் தேர்வதற்கு இன்று பெருவழக்காகிவிட்ட முறை, பலகையின் கனஅளவை லிட்டரில் அறிந்து, அதைச் சறுக்குபவரின் எடையால் வகுத்துப் பார்ப்பதாகும். பலகைகளைக் கையால் இழைத்துச் செதுக்கிய காலத்தில் கனஅளவு கைவினைஞரின் கண்ணளவாகவே இருந்தது. கணினியில் வடிவமைத்து இயந்திரத்தால் வெட்டும் முறை பரவிய பிறகுதான், நீளம், அகலம், தடிமன் ஆகிய மூன்றோடு லிட்டர் என்னும் நான்காவது எண்ணும் பலகையின்மேல் எழுதப்படலாயிற்று. இவ்வாறு வகுத்துப் பெறும் ஈவை ‘கில்ட் விகிதம்’ என்பர். நன்கு தேர்ந்தவருக்கு அது 0.36 அளவிலும், ஓரளவு பழகியவருக்கு 0.5 அளவிலும், புதிதாகக் கற்பவருக்கு 1-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ அமையலாம் என்பது ஏறத்தாழ ஒரு பொது வரையறை. ஆகவே 70 கிலோ எடையுள்ள ஒருவர், தம் தேர்ச்சிக்கேற்ப 25, 35, 70 லிட்டர் என்று முற்றிலும் வேறுபட்ட மூன்று பலகைகளுக்கு உரியவராகிறார்.

உயரத்தை விட்டு எடையைப் பற்றிக்கொண்டதே இம்முறையின் மெய்யான பலம். நீர், தன்மேல் கிடப்பவரின் உயரத்தை அறியாது. எடையை மட்டுமே தாங்குகிறது. பனிச்சறுக்கிலும் இதே திருத்தம் நிகழ்ந்துள்ளது. பலகையை நிமிர்த்தி வைத்தால் அதன் நுனி முகவாய்க்கும் மூக்குக்கும் இடையே வரவேண்டும் என்ற பழைய விதிக்கு மேலாக, பலகை எவ்வளவு வளையும் என்பதை முடிவு செய்வது எடையே என்பதால், தயாரிப்பாளர்கள் எடை வரம்பை அச்சிட்டுத் தருகிறார்கள். அதனோடு, காலணி பலகையின் விளிம்புக்கு வெளியே நீண்டு பனியில் உரசாதிருக்கும்படி நடுப்பகுதியின் அகலத்தையும் பாதத்தின் நீளத்தோடு பொருத்துகிறார்கள். குல்மார்க்கில் சீரமைத்த சரிவுக்கும் அபர்வத் மலையின் ஆழப்பனிக்கும் ஒரே பலகையைக் கொண்டு செல்பவர் நாடும் ‘ஆல்-மவுண்டன்’ வகைக்குக் கடலில் இணையானது ‘ஃபன்போர்டு’ எனப்படும் ஏழடி, எட்டடி நடுத்தரப் பலகை. இரண்டும் எல்லாச் சூழலுக்கும் ஒன்றே போதும் என்ற ஆசையில் பிறந்தவை.

அந்த ஆசைக்குத் திருவனந்தபுரத்தில் நடைமுறைக் காரணமும் உண்டு. ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் எதிரெதிரே நிற்கும் தம்பானூரில் வந்திறங்குபவர் ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவிலுள்ள கோவளத்துக்கு ஒன்பதடிப் பலகையைப் பேருந்தில் ஏற்றிச் செல்வது எளிதன்று. எனவே வெறுங்கையோடு சென்று, கரையில் அடுக்கியிருப்பவற்றுள் ஒன்றை வாடகைக்கு எடுப்பதே பலருக்கும் இயல்பு. கோவளத்து அலைச்சறுக்கு வளர்ந்ததும் பொதுப் பலகைகளின் மேல்தான். 2005-இல் தோன்றிய கோவளம் சர்ஃப் கிளப், பள்ளிக்குச் செல்லும் சிறுவர்களுக்கே பலகை என்ற நிபந்தனையோடு கரையோரப் பிள்ளைகளுக்குக் கற்பித்தது. 2025-இல் மாமல்லபுரத்தில் நடந்த ஆசிய அலைச்சறுக்குப் போட்டியில் வெண்கலம் வென்ற ரமேஷ் புதிஹால் அந்தக் கரையில் பழகியவர். பகிர்ந்து பயன்படுத்தும் பலகை எவருடைய எடைக்கும் அளவெடுத்துச் செய்யப்பட்டதன்று என்பதை, லிட்டர் அட்டவணையை வேதமாகக் கொள்வோர் நினைவில் வைக்கலாம்.

இனி முறையின் குறைகள். லிட்டர் எண் அளப்பது படுத்திருப்பவரை, சறுக்குபவர் நிற்பவர். எளிய கணக்கொன்று இதைக் காட்டும். ஒரு லிட்டர் கடல்நீரின் நிறை ஏறத்தாழ 1.025 கிலோ. 80 லிட்டர் நுரைப்பலகை முழுதும் அமிழ்ந்தால் 82 கிலோவைத் தாங்கும். பலகையின் எடை 6 கிலோ, ஆளின் எடை 70 கிலோ என்றால் மொத்தம் 76 தான் என்பதால், அசையாத நீரிலும் அவரை அது சுமந்து நிற்கும். 30 லிட்டர் பலகை தன் 3 கிலோவைக் கழித்தபின் தாங்கக்கூடியது 28 கிலோவுக்கும் குறைவு. அதன்மேல் அசையாமல் நின்றால் ஆள் மூழ்குவார். ஆயினும் அதே பலகை அலையில் அவரைத் தூக்கிச் செல்கிறது என்றால், அப்போது அவரைத் தாங்குவது மிதப்பு அன்று, அடிப்பரப்பில் வேகமாக மோதி விலகும் நீர் தரும் உந்துதலே. அந்த உந்துதல் பலகையின் அகலத்தையும் அடிப்பரப்பின் தட்டைத்தன்மையையும் பொறுத்தது. லிட்டரில் அது எழுதப்பட்டிருப்பதில்லை.

இதனால் ஒரே 40 லிட்டர் கொண்ட இரு பலகைகள் இருவேறு கருவிகளாகிவிடுகின்றன. ஒன்று நீண்டு குறுகியது. கைகளால் துழாவும்போது நேராகவும் விரைவாகவும் செல்லும், அலையை முன்கூட்டியே பிடிக்கும். மற்றொன்று குட்டையாகவும் அகலமாகவும் இருப்பது; துழாவுகையில் மெதுவானதாயினும் அலை தொட்டவுடன் எழுந்து ஓடும், எளிதில் திரும்பும். பக்கவாட்டில் பார்க்கும்போது முனையும் வாலும் மேல்நோக்கி எழும் வளைவை ‘ராக்கர்’ என்பர். அது மிகுதியானால் செங்குத்தான அலையில் முனை குத்தாமல் காக்கும், மெலிந்த அலையிலோ நீரைத் தள்ளிக்கொண்டு தேங்கும். கற்பவர் ஒருவர் ஆறடிப் பலகையைத் தடிமனாக்கித் தம் லிட்டரை நிரப்பிக்கொண்டால் கணக்கு சரியாகும். கால் வைக்கும் இடமோ நிலைகொள்ளாது.

கோவளத்தின் கடலைச் சேர்த்துப் பார்த்தால் குறை இன்னும் தெளிவாகும். பாறை முனைகளால் பிரிக்கப்பட்ட இந்த மணற்கரைகளில் அலை உடையும் திட்டுகள் ஒவ்வொரு தென்மேற்குப் பருவமழையிலும் இடம் மாறுகின்றன. மழை ஓய்ந்த மாதங்களின் காலை வேளையில், நிலத்திலிருந்து கடல்நோக்கி வீசும் காற்றில், இடுப்பளவு அலைகள் ஒழுங்காக வருகின்றன. பருவமழைக்கு முந்தைய வாரங்களில் தெற்கே வெகு தொலைவில் எழும் நீண்ட அலைகள் கள்ளக்கடலாக முன்னறிகுறியின்றிக் கரையேறுவதும் உண்டு. கள்ளக்கடல் எச்சரிக்கை விடுக்கப்படும் நாட்களில் கற்பவர் இறங்கவே கூடாது. மாறாத எடையும் மாறாத லிட்டரும் உடைய ஒருவருக்கு நவம்பரில் பொருந்திய பலகை ஏப்ரலில் பொருந்தாமல் போவதற்கு விகிதம் விளக்கம் தருவதில்லை, ஏனெனில் அந்தப் பின்னத்தில் கடலுக்கு இடமே இல்லை.

நடுத்தரப் பலகையைப் பற்றிய தீர்ப்பும் இங்கிருந்தே பிறக்க வேண்டும். கோவளத்தின் மெலிந்த அலைகளுக்கு, 21 அங்குலத்துக்குக் குறையாத அகலமும் தாழ்ந்த ராக்கரும் உடைய ஏழரையடிப் பலகை, எழுந்து நிற்கவும் பக்கவாட்டில் செல்லவும் பழகிவிட்ட ஒருவருக்கு லிட்டர் சற்றே கூடியோ குறைந்தோ இருந்தாலும் நற்றேர்வே. முழுப் புதியவருக்கு அதுவும் சிறியது. எட்டடி நுரைப்பலகையே வேண்டும். கூர்மையான திருப்பங்களை விரும்புபவருக்கோ இரண்டாம் ஆண்டிலேயே நடுத்தரப் பலகை சுமையாகும், காரணம் அதன் நீண்ட விளிம்பு ஒவ்வொரு திருப்பத்தையும் அகலமாக்கிவிடுகிறது. விகிதத்தின் மறுபக்கத்தில் இருப்பது சறுக்குபவரே தமக்குத் தந்துகொள்ளும் தேர்ச்சி மதிப்பெண் என்பதையும் மறக்கலாகாது. அதில் தாராளம் காட்டாதவர் அரிது. எனவே லிட்டரைக் கீழ்வரம்பாக மட்டும் கொண்டு, அதற்குக் குறைந்தவற்றை விலக்கியபின், எஞ்சியவற்றை அகலத்தாலும் ராக்கராலும் தேர்வதே தகும்.

பழைய பலகையை வாங்குவோருக்கு அந்தக் கீழ்வரம்பும் முழுமையாக நம்பத்தக்கதன்று. கண்ணாடியிழைப் பூச்சு விரிசல்விட்ட பலகையின் நுரைக்குள் கடல்நீர் புகும். கனஅளவு மாறாது, எடை ஏறும், மிதப்பு குறையும். இதே கரையில் கட்டுமரக்காரர்கள் கடலிலிருந்து திரும்பியதும் மரங்களைக் கட்டவிழ்த்து வெயிலில் உலர்த்தியது, நீர் குடித்த மரம் சுமை தாங்காது என்பதனால்தான். கட்டவிழ்க்க முடியாத பலகைக்கு அந்த வசதி இல்லை. ஆதலால் வாங்குபவர் அதைத் தராசில் நிறுத்து, ஒட்டுப்போட்ட இடங்களை விரலால் அழுத்திப் பார்த்து, மெத்தென்று அமுங்கும் இடம் இருந்தால் எழுதியிருக்கும் லிட்டர் எதுவாயினும் விட்டுவிட வேண்டும்.