டிலனின் திருப்புமுனை 1965 அல்ல, 1988

பாப் டிலனின் மேடை வாழ்க்கையை அலசுகிறவர்கள் வழக்கமாக 1965 ஜூலை 25-இல்தான் தொடங்குவார்கள். நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் அன்று அவர் எலெக்ட்ரிக் கிட்டாருடன் மேடையேற, கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சலிட்டது. அடுத்த ஆண்டு மான்செஸ்டரில் ஒருவர் அவரைத் துரோகி என்ற பொருளில் ‘யூதாஸ்’ என்றே கத்தினார். துணிச்சலான நாட்கள்தான். ஆனால் 24 வயதில் ஒரு கலைஞர் பாதை மாறுவது அரிதல்ல. 47 வயதில், பெயரும் புகழும் பழசாகிக் கிடந்த நேரத்தில், முதலிலிருந்து ஆரம்பிப்பதுதான் அரிது. அது 1988 ஜூன் 7-ஆம் தேதி கலிஃபோர்னியாவின் கான்கார்ட் நகரில் நடந்தது. அவருடைய மிகப் பெரிய முடிவு அதுதான் என்பேன்.

அதற்கு முன்பும் திருப்பங்களுக்குக் குறைவில்லை. 1966 மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பிறகு ஏழு ஆண்டுகளுக்கும் மேலாக அவர் சுற்றுப்பயணமே போகவில்லை. 1974-இல் ‘தி பேண்ட்’ குழுவோடு பெரிய அரங்குகளுக்குத் திரும்பினார். மறு ஆண்டே ‘ரோலிங் தண்டர்’ என்ற பெயரில் நண்பர் பட்டாளத்தைத் திரட்டிக்கொண்டு சிறிய ஊர்களுக்குப் போனார். 1979 நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் கிறிஸ்தவப் பாடல்களை மட்டுமே பாடினார். பழைய பாடல் ஒன்றைக்கூடத் தொடவில்லை. எல்லாமே அதிரடி. எதுவும் நீடிக்கவில்லை.

1980களின் நடுவில் சரிவு வந்தது. ராக் பாடகர் டாம் பெட்டியின் குழுவோடு பெரிய மேடைகளில் பாடிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது தன் பாடல்களே தனக்கு அந்நியமாகிவிட்டதாகவும், ஓய்வு பெறக்கூட நினைத்ததாகவும் 2004-இல் வெளிவந்த நினைவுநூலில் டிலனே எழுதியிருக்கிறார். 1987 அக்டோபரில் சுவிட்சர்லாந்தின் லொகார்னோ மேடையில் குரல் எழாமல் திணறிய கணத்தில்தான் வேறு விதமாகப் பாடும் வழி திறந்தது என்றும் அதில் சொல்கிறார்.

ஃபார்ம் இழந்த மட்டையாளர் வலைப்பயிற்சிக்குப் போவார். டிலன் ஆட்டக்களத்தையே வலைப்பயிற்சி ஆக்கினார். கான்கார்டில் தொடங்கிய பயணத்துக்காகப் பக்கப்பாடகிகளை விட்டார். கிட்டாருக்கு ஜி.ஈ. ஸ்மித், கூடவே ஒரு பேஸ், ஒரு டிரம்ஸ் என்று குழுவைச் சுருக்கினார். ஆண்டுக்கு ஏறத்தாழ 100 கச்சேரிகள். போன ஊர்களுக்கே மீண்டும் போனால், பழைய நினைவுக்காக வருகிறவர்கள் குறைந்து புதிய ரசிகர்கள் சேர்வார்கள் என்பது அவர் கணக்கு. பாடல் பட்டியல் இரவுக்கு இரவு மாறியது. பாடலின் மெட்டும் வேகமும் சுருதியும்கூட மாறின. உடன் வாசிப்பவர்கள் அவர் மீது வைத்த கண்ணை எடுக்க முடியாது. 1989-இல் சேர்ந்த பேஸ் கலைஞர் டோனி கார்னியர் 30 ஆண்டுகளைத் தாண்டியும் அந்த இடத்தில் நின்றார்.

இந்த முறைக்கு விலை உண்டு. 1991-இன் பல கச்சேரிகளைத் தீவிர ரசிகர்களாலேயே ரசிக்க முடியவில்லை. பின்னர் குரல் கரகரத்தது. 2002-இல் கிட்டாரைக் குறைத்துக்கொண்டு கீபோர்டுக்கு மாறினார். இசைத்தட்டில் கேட்டதை எதிர்பார்த்துப் பணம் கொடுத்து வந்தவர், இரண்டாம் சரணம் வரை எந்தப் பாட்டு என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அந்த மனக்குறை நியாயமானது.

பலனையும் பார்க்க வேண்டும். 1997 மே மாதம் பூஞ்சைத் தொற்றால் இதய உறை வீங்கி மருத்துவமனையில் கிடந்தவர், ஆகஸ்டில் மேடைக்கு வந்துவிட்டார். அந்த ஆண்டு வெளியான ‘டைம் அவுட் ஆஃப் மைண்ட்’ ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை வென்றது. ஒன்பது ஆண்டு மேடை உழைப்பு இல்லாமல் அந்த ஆல்பத்தின் குரல் பிறந்திருக்காது.

2015 முதல் 2017 வரை, ஃபிராங்க் சினாட்ரா பாடிப் புகழ்பெற்றவை போன்ற பழைய அமெரிக்கப் பாடல்களை மூன்று ஆல்பங்களில் பாடினார். பலருக்குப் புரியவில்லை. அந்தப் பாடல்களை உறுமிக்கொண்டு பாட முடியாது. மூச்சை அளந்து, சொல்லை மென்மையாக வைத்து, வரியை நீட்டிப் பாட வேண்டும். 2020-இல் வந்த ‘ரஃப் அண்ட் ரவுடி வேஸ்’ ஆல்பத்தில் வயதான குரல் அவ்வளவு தெளிவாக ஒலிப்பதற்கு அந்தப் பயிற்சிதான் காரணம் என்று நம்புகிறேன்.

2021 நவம்பரில் மில்வாக்கியில் அடுத்த பயணம் தொடங்கியபோது அவருக்கு 80 வயது. இரவுக்கு இரவு பட்டியலை மாற்றியவர், இப்போது பெரும்பாலும் ஒரே பட்டியலில் நின்றார். அதிலும் பெரும்பகுதி புதிய ஆல்பத்துப் பாடல்கள்தான். ரசிகர்களின் கைபேசிகள் உறையில் போட்டுப் பூட்டப்பட்டன. 2024-இல் வில்லி நெல்சனோடு போன பயணத்தில் பட்டியல் மறுபடி மாறி, மற்றவர்களின் பழைய பாடல்கள் உள்ளே வந்தன.

1988-க்குப் பிறகு 3,000-க்கும் மேற்பட்ட கச்சேரிகள். 2016-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தபோது விழாவுக்கு அவர் போகவில்லை. 2017 ஏப்ரலில் கச்சேரிக்காக ஸ்டாக்ஹோம் போனபோதுதான் பதக்கத்தைப் பெற்றுக்கொண்டார். அவரைத் திமிர் பிடித்தவர் என்றார்கள். அவருடைய வாழ்க்கையில் எது முதலிடம் என்பதையே நான் அதில் பார்க்கிறேன். வெற்றி பெற்ற பாட்டை அப்படியே திரும்பப் பாடியே ஒருவர் காலம் தள்ளலாம், கைதட்டலும் குறையாது. ஆனால் பாட்டு வளராது, பாடுகிறவரும் வளர மாட்டார். மோசமான இரவுகளுக்கும் துணிந்தவருக்குத்தான் 80 வயதில் புதிய பாடல்களோடு மேடையேற முடியும்.