மான்ட்ரியலின் முதலிடம் யாருக்கு?

1909இல் தொடங்கப்பட்ட மான்ட்ரியல் கனடியன்ஸ் 24 முறை ஸ்டான்லி கோப்பையை வென்ற அணி. ஐஸ் ஹாக்கியில் வேறெந்த அணியும் இந்த எண்ணிக்கைக்கு அருகில்கூட வரவில்லை. இவ்வளவு நீண்ட வரலாறு இருந்தால் தலைசிறந்த ஆட்டக்காரர்களை வரிசைப்படுத்தும் ஆசை யாரையும் விடாது. மொரிஸ் ரிஷார், ஜான் பெலிவோ, கீ லாஃப்ளர் என்ற மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப உச்சியில் வந்து நிற்கின்றன. அவர்களுக்குக் கீழேதான் தகராறு.

இப்படி வரிசைப்படுத்துவதை வெட்டிப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. 1937இல் மறைந்த ஹவி மொரென்ஸ் ஆடியதை நேரில் கண்டவர்கள் இன்று அநேகமாக யாரும் இல்லை. அவர் பெயரை இன்றைய ரசிகன் வாயில் வைத்திருப்பது இந்தப் பட்டியல்கள்தான். அதோடு, ஒருவரை இன்னொருவருக்கு மேலே வைக்கும்போது காரணம் சொல்லியாக வேண்டும். வெறும் புகழாரத்தில் அந்தக் கட்டாயம் கிடையாது.

ரிஷாரையும் லாஃப்ளரையும் எடுத்துக்கொள்வோம். கனடியன்ஸுக்காக ரிஷார் ஆடியவை 978 ஆட்டங்கள், அடித்தவை 544 கோல்கள். லாஃப்ளர் 961 ஆட்டங்களில் 518 கோல்கள். கோல் உதவிகளையும் சேர்த்த புள்ளிகளில் ரிஷாருக்கு 965, லாஃப்ளருக்கு 1,246. தாளில் பார்த்தால் லாஃப்ளர் எங்கேயோ போய்விட்டார். ஆனால் ரிஷார் ஆடிய ஆண்டுகள் முழுவதும் லீக்கில் இருந்தவை ஆறே அணிகள். பலவீனமான எதிரணிகள் குறைவு. லாஃப்ளர் உச்சத்தில் இருந்த 1976-77இல் 18 அணிகள். அந்த சீசனில் கனடியன்ஸ் 80 ஆட்டங்களில் எட்டே தோல்விகளைத்தான் சந்தித்தது. அப்படி ஓர் அணியில், அப்படி ஒரு லீக்கில் குவித்த புள்ளிகளை அப்படியே எடுத்து 1950களின் எண்களோடு நிறுத்திப் பார்ப்பது தவறு.

ரிஷாரின் எண்களுக்கும் இதே சோதனை தேவை. 1944-45இல் அவர் 50 ஆட்டங்களில் 50 கோல்கள் அடித்தார். பல நல்ல ஆட்டக்காரர்கள் போருக்குப் போயிருந்த காலம் என்பதால் இந்தச் சாதனையைச் சிலர் குறைத்துப் பேசுகிறார்கள். போருக்குப் போனவர்கள் திரும்பி வந்த அடுத்த சீசனில் ரிஷாரின் கோல்கள் 27ஆகக் குறைந்தது உண்மை. அதற்கு அடுத்த சீசனில் அவர் 60 ஆட்டங்களில் 45 கோல்கள் அடித்ததும், லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பையைப் பெற்றதும் அதே அளவு உண்மை. ஒரே ஓர் எண்ணைப் பிடித்துத் தொங்கினால் இரு தரப்புமே வழுக்கும்.

ரிஷார் முதலிடத்துக்கு வருவதன் காரணம் எண்களில் இல்லை. 1955 மார்ச்சில், ஆட்டத்தின்போது அதிகாரி ஒருவரைத் தாக்கியதற்காக லீக் தலைவர் கிளாரன்ஸ் கேம்பல் அவரை அந்த சீசனின் மீதி முழுவதும் ஆடவிடாமல் தடைசெய்தார். மார்ச் 17 அன்று மான்ட்ரியல் ஃபோரம் அரங்கில் கலவரம் வெடித்து, தெருவுக்குப் பரவி, கடைகள் சூறையாடப்பட்டன. ஆங்கிலம் பேசுவோர் கையில் அதிகாரம் இருந்த ஊரில், பிரெஞ்சு பேசும் கியூபெக் மக்களுக்கு ரிஷார் தங்கள் ஆளாகத் தெரிந்தார். 2000இல் அவர் இறந்தபோது கியூபெக் அவருக்கு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடத்தியது. அணியின் வரலாற்றில் அவருக்கு இணை இல்லை என்பதை முழு மனதோடு ஏற்கிறேன். ஆனால் ஆட்டத்தில் யார் சிறந்தவர் என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே தராசில் போட்டு, எந்தக் கேள்விக்குப் பதில் என்று சொல்லாமல் எண் ஒட்டிவிடுவதுதான் இந்தப் பட்டியல்களின் பெரிய குறை.

இந்தக் குறையால் அதிகம் இழப்பவர் டக் ஹார்வி. தற்காப்பு ஆட்டக்காரர். எந்த சீசனிலும் அவர் 10 கோல்களை எட்டவில்லை. ரப்பர் வட்டைத் தன் மட்டையில் வைத்துக்கொண்டு ஆட்டத்தையே நிதானப்படுத்துவார். எதிராளி தன்னை நெருங்கி வரும்வரை பொறுப்பார். அவன் விட்டுவந்த இடைவெளியில் வட்டைத் தள்ளிவிடுவார். அங்கிருந்து அது இரண்டு மூன்று பேர் கைமாறி கோலாகும். ஒரு கோலுக்கு அதிகபட்சம் இரண்டு பேருக்குத்தான் உதவிப் புள்ளி என்பது ஹாக்கி விதி. அதனால் ஆட்டத்தைத் தொடக்கி வைத்தவன் பெயர் பல நேரங்களில் ஏட்டில் ஏறுவதே இல்லை. 1955 நவம்பரில் பாஸ்டனுக்கு எதிராக, எதிரணியில் ஆள் குறைந்திருந்த நேரத்தில் பெலிவோ 44 விநாடிகளில் மூன்று கோல்கள் அடித்தார். தண்டனை பெற்றவர் கோல் விழுந்தாலும் முழு இரண்டு நிமிடம் வெளியே இருக்க வேண்டிய காலம் அது. கனடியன்ஸின் இந்த ஆட்டத்தைத் தாங்க முடியாமல், ஒரு கோல் விழுந்ததும் அவர் திரும்பலாம் என்று அடுத்த சீசனில் லீக் விதியை மாற்றியது. அந்தத் தாக்குதலைப் பின்னாலிருந்து இயக்கியவர் ஹார்விதான்.

விருதுக் கணக்கும் அவருக்கு முழு நீதி செய்யவில்லை. சிறந்த தற்காப்பு ஆட்டக்காரருக்கான நாரிஸ் கோப்பையை அவர் ஏழு முறை வென்றார். அதில் ஆறு மான்ட்ரியலில். ஆனால் அந்த விருதே 1953-54இல்தான் வந்தது. ஹார்வி அதற்கு முன்பே ஆறு சீசன்கள் ஆடி முடித்திருந்தார். 1957இல் ஆட்டக்காரர் சங்கம் அமைக்க முன்நின்றவர்களில் அவரும் ஒருவர். 1961இல் அணி அவரை நியூயார்க்குக்கு அனுப்பிவிட்டது. ரிஷார் அணிந்த 9ஆம் எண், இனி யாருக்கும் தரப்படாது என்று அவர் ஓய்வுபெற்ற 1960லேயே ஒதுக்கப்பட்டது. ஹார்வியின் 2ஆம் எண்ணுக்கு அந்த மரியாதை 1985இல்தான் கிடைத்தது. நிர்வாகத்துக்குப் பிடிக்காதவர் நினைவிலும் பின்னுக்குத் தள்ளப்படுவார். பட்டியல் எழுதுபவர் அந்த நினைவைத்தான் கடன் வாங்குகிறார்.

கோப்பை எண்ணிக்கையும் நம்பத்தகுந்த அளவுகோல் இல்லை. அதிகக் கோப்பைகளை வென்றவர் மொரிஸின் தம்பி ஆன்ரி ரிஷார், மொத்தம் 11. அதற்காக அவரை யாரும் முதலிடத்தில் வைப்பதில்லை. ஆனால் கோல்கீப்பர்கள் என்று வந்ததும் கென் டிரைடனின் ஆறு கோப்பைகள் வாதத்தை முடித்துவிடுகின்றன. டிரைடன் முன்னால் லாரி ராபின்சன், செர்ஜ் சவார், கீ லப்பாயின்ட் என்று ஒரு கோட்டையே நின்றது. அணி வரலாற்றில் மிக அதிகமாக 361 வெற்றிகள் பெற்ற கேரி பிரைஸுக்கு அது வாய்க்கவில்லை, கோப்பையும் இல்லை. டிரைடனை உயர்த்த வேண்டுமானால் 1971ஐக் காட்டுங்கள். ஆறே லீக் ஆட்டங்கள் ஆடிய அனுபவத்தோடு வந்து, பாபி ஓர் என்ற ஆட்டக்காரர் இருந்த நடப்புச் சாம்பியன் பாஸ்டனை வெளியேற்றினார். அது அவர் தோளில் சுமந்த வெற்றி.

கோல்கீப்பர், தற்காப்பு, முன்கள ஆட்டக்காரர் என மூன்று வரிசைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பெயருக்கும் எதற்காக அந்த இடம் என்று எழுதும் பட்டியலை விரும்பிப் படிப்பேன். ஒரே வரிசைதான் வேண்டும் என்றால் என் முதல் மூவர் ரிஷார், ஹார்வி, பெலிவோ. லாஃப்ளர் நான்காவது. 1970களில் ஃபோரம் அரங்கில் அவர் பெயரைக் கூவியவர்கள் இதை ஒப்பமாட்டார்கள். அவர்கள் தங்கள் காரணங்களைச் சொன்னால் கேட்கத் தயாராக இருக்கிறேன். புள்ளிக் கணக்கு ஒன்றை மட்டும் கொண்டுவர வேண்டாம்.